25 சென்டில் ஓர் ஆக்கர் கடை

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என் மாடல் ரயில் எஞ்சின் மூன்று வேகனை இழுத்துக்கொண்டு தகரச் சுவர் ஓரமாகப் போனது, திரும்பி வந்தது, மறுபடியும் போனது. நாற்பது நிமிடம் ஓடவிட்டேன். ஒரு தடவைகூட நிற்கவில்லை. மார்ச் மாதத்திலிருந்து அந்தச் சுவர் பக்கம் வந்தாலே அதற்கு மூச்சு வாங்கும். காரணம் நான்தான் என்று கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆயிற்று, சரிசெய்ய நாலு மாதம் ஆயிற்று. மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

வீடு நாகர்கோவிலில். மாடி அறையில் ஆறடிக்கு இரண்டரையடிப் பலகையில் மாடல் ரயில் ஓடுகிறது. எச்ஓ அளவு, அதாவது நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். நம் அகலப் பாதை 1676 மில்லிமீட்டர் என்பதால் கணக்குப்படி 19.3 வரவேண்டும். ஆனால் விற்கிற தண்டவாளம் எல்லாம் வெளிநாட்டு 1435 பாதைக்குச் செய்தது. அந்த மூன்று மில்லிமீட்டரை நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துகொள்கிறேன். 1981-ல் திருநெல்வேலிப் பாதை திறந்த பிறகு நாகர்கோவிலுக்கும் ஆரல்வாய்மொழிக்கும் நடுவே வந்திருக்கக்கூடிய ஒரு சின்ன ஸ்டேஷன் என்பது என் கற்பனை. ஸ்டேஷன், லெவல் கிராசிங், வாழைத் தோட்டம் எல்லாம் முடிந்து, வளைவுக்கு உள்பக்கம் 45 சென்டிமீட்டருக்கு 30 என்று ஒரு மூலை சும்மா கிடந்தது. 87-ஆல் பெருக்கினால் 39 மீட்டருக்கு 26 மீட்டர். நம்ம ஊர்க் கணக்கில் 25 சென்ட். வீடு வைத்தால் பணக்கார வீடாகிவிடும், ரயில் பாதை ஓரத்தில் யார் அப்படிக் கட்டுகிறார்கள்? பழைய இரும்பு எடுக்கிற கடை வைக்கலாம் என்று தோன்றியது. சென்னையில் காயலான் கடை என்பார்கள். எங்களுக்கு ஆக்கர் கடை.

பொங்கல் லீவில் ஆரம்பித்தேன். முதல் முயற்சியில் நான் செய்த தப்புகளை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். சுற்றுச் சுவர்த் தகரத்துக்கு, பேக்கரி டப்பாவில் வருகிற நெளி அட்டையை உரித்து ஒட்டினேன். நெளிக்கு நெளி 3 மில்லிமீட்டர். நிஜத்தில் அது 26 சென்டிமீட்டர். அப்படி ஒரு தகரத்தை யாரும் பார்த்திருக்க முடியாது. கார்களுக்கு, கட்டட மாடல் செய்கிறவர்கள் வாங்குகிற வெள்ளைப் பிளாஸ்டிக் கார் பாக்கெட்டை ஆன்லைனில் 350 ரூபாய்க்கு வாங்கினேன். அது 100-ல் ஒரு பங்கு அளவு. பக்கத்தில் 87 அளவு ஆள் நின்றால் சின்னப் பிள்ளைகள் ஓட்டுகிற கார் போல இருந்தது. இதெல்லாம் கண்ணுக்குத் தெரிந்த தப்பு. தெரியாத தப்பு ஒன்று செய்தேன், அதுதான் விலை வைத்துவிட்டது.

துரு வேண்டும். பெயின்ட் அடித்த துரு பெயின்ட் மாதிரிதான் இருக்கும், நிஜத் துருவையே போட்டால் என்ன என்று கோட்டாறு பக்கம் ஒரு லேத் பட்டறையில் போய்க் கேட்டேன். இரும்புத் துருவலையும் தூளையும் ஒரு பாலிதீன் கவர் நிறைய சும்மாவே கொடுத்தார்கள். தரையில் பசை தடவி, டீ வடிகட்டியால் தூவி, வினிகரில் உப்புக் கரைத்துத் தெளித்துவிட்டுப் படுத்தேன். காலையில் எழுந்து பார்த்தால் ஆரஞ்சும் காப்பியும் கலந்து, அப்படியொரு துரு! மகள் போட்டோ எடுத்து அவள் தோழிகளுக்கெல்லாம் அனுப்பினாள். எனக்கும் தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிற்று.

மூன்றாவது வாரம் எஞ்சின் ‘கறகற’ என்றது. அப்புறம் வளைவில் நிற்கும், விரலால் தள்ளினால் ஓடும். தண்டவாளத்தில் அழுக்கு என்று நினைத்து ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். சரியாகவில்லை. இணைப்பு ஒயர்களை மாற்றிச் சால்டர் வைத்தேன். கண்ட்ரோலர் போய்விட்டதோ என்று 12 வோல்ட் அடாப்டரில் நேராகக் கொடுத்துப் பார்த்தேன். அதே ‘கறகற’. கடைசியில்தான் எஞ்சினைக் கவிழ்த்து மூடியைக் கழற்றினேன். பழைய மாடல், மோட்டார் திறந்த வகை. அதன் காந்தத்தைச் சுற்றி ஒரு வார தாடி முளைத்திருந்தது. இரும்புத் தூள். பற்சக்கரத்தின் கிரீஸில் அரைத்த மாவு போலக் கலந்திருந்தது. மூன்று வாரமாக அந்தச் சுவர் ஓரம் போகும்போதெல்லாம், பாதையில் உதிர்ந்து கிடந்ததை எஞ்சின் கூட்டிப் பெருக்கி உள்ளே சேர்த்திருக்கிறது. மேலே பிடித்தது மட்டும்தான் துரு, தூளின் உள்ளே இரும்பு இரும்பாகவே இருக்கிறது. காந்தம் விடுமா?

செல்லோ டேப்பின் பசைப்பக்கத்தால் ஒற்றி ஒற்றி எடுத்தேன். பற்சக்கரத்துக்குப் பல்குத்தும் குச்சியும் பெட்ரோலும். இரண்டு ராத்திரி போயிற்று. தரையில் கிடந்ததை எடுக்க, பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைப் பாலிதீன் கவருக்குள் போட்டு மேலாக ஓட்டினேன். கவரை உள்வெளியாகத் திருப்பி எடுத்தால் தூள் கவருக்குள்ளேயே தங்கிவிடும். காந்தத்தை நேராக வைத்துவிட்டால் அப்புறம் அதைச் சுத்தம் செய்ய ஒரு ஜென்மம் வேண்டும். பசையில் ஒட்டிக்கொண்டது அதற்கும் வரவில்லை. உளியை வைத்து அந்தத் தரையையே பெயர்த்தேன். நான் பெருமைப்பட்ட துரு முழுக்கப் பழைய பேப்பரில் மடிந்து போயிற்று.

பெயர்ப்பதற்கு முந்தின நாள் போட்டோ ஒன்று எடுத்து வைத்திருந்தேன். அதற்கடுத்த வாரம் வீட்டில் சேர்ந்த பேப்பரையும் ஒரு பழைய மிக்சியையும் போடப் போனபோது, நான் வழக்கமாகப் போகிற ஆக்கர் கடை அண்ணாச்சியிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, இரண்டு விரலால் படத்தை விரித்து விரித்துப் பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்கு. இதுல செம்பு எங்க கெடக்கு?”

“செம்பா?”

“எல்லாம் ஒரே கூட்டமால்லா கெடக்கு. இது கட இல்ல தம்பி, ஆத்து வெள்ளம் ஒதுக்கிட்டுப் போன மாதிரி இருக்கு. கலந்து கெடந்தா எல்லாத்துக்கும் தகர வெலதான். பிரிச்சாத்தான் துட்டு.”

இத்தனை வருடமாக அந்தக் கடைக்குப் போகிறேன். அன்றைக்குத்தான் பார்த்தேன். அங்கே குவியலே கிடையாது, வகைதான் இருக்கிறது. கனத்த இரும்பு, அதாவது கம்பி, சேனல், ஆங்கிள் எல்லாம் லாரி வந்து நிற்கிற வாசலுக்குப் பக்கத்தில். தூக்குகிற தூரம் குறைய வேண்டுமே. லேசான தகரம் பின்னால் சுவர் ஓரம். வார்ப்பிரும்பு தனி, சம்மட்டியால் உடைத்துப் போட்டிருந்தது. ஃபிரிட்ஜ் கம்பிரசர்கள் ஒரு வரிசை, அடியில் எண்ணெய் கசிந்து தரை கறுத்துக் கிடந்தது. பாட்டில் சாக்கில், பிளாஸ்டிக் பழைய மீன்வலையில் கட்டி. பேட்டரி பலகை மேல். செம்பும் பித்தளையும் வெளியில் கிடையவே கிடையாது. தராசுக்குப் பின்னால் பூட்டுப் போட்ட அறைக்குள். டயரை மட்டும் கூரைக்குக் கீழே அடுக்கியிருந்தார். ஏன் என்றேன். “மழத்தண்ணி தேங்குனா கொசு வரும், சுகாதாரக்காரங்க வந்து ஃபைன் போடுவாங்க.” என் மாடலில் நாற்பது டயரை வெட்டவெளியில் மலை போலக் குவித்திருந்தேன். வெளிநாட்டுப் படங்களைப் பார்த்துச் செய்தது அது.

டேப் வைத்து அளக்க விட்டார். ஒரு மணி நேரம் குறிப்பெடுத்தேன். மிக்சிக்கு நியாயமான காசும் கொடுத்தார்.

இரண்டாவது முயற்சியில் முதலில் தகரம். நிஜத் தகரத்தில் நெளிக்கு நெளி 3 அங்குலம், 76 மில்லிமீட்டர். 87-ஆல் வகுத்தால் 0.87. எம்5, அதாவது 5 மில்லிமீட்டர் கனப் போல்டின் மரை இடைவெளி 0.8, கிட்டத்தட்டச் சரி. இரண்டு மரைக்கம்பி வாங்கி, கரும்பு மெஷின் மாதிரி நடுவில் அலுமினியத் தாளை விட்டுச் சுற்றினேன். ஒரு கம்பியின் மரை தாளை இடப்பக்கம் தள்ள, மற்றது வலப்பக்கம் தள்ள, தாள் கிழிந்து நாராக வந்தது. ஒரு ஞாயிறு அதிலேயே போயிற்று. அப்போது மகள் தலைக்கு வீட்டில் பேன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேன் சீப்பு! வாங்கி ஸ்கேல் வைத்து எண்ணினேன். ஒரு சென்டிமீட்டருக்கு 11 பல். அதாவது 0.9. பல்லின் நீளம் 21 மில்லிமீட்டர், அது சரியாக ஆறடித் தகரம். கடவுளே அனுப்பிவைத்த கருவி.

தாள் விஷயத்திலும் ஒரு வார்த்தை. சப்பாத்தி சுற்றுகிற அலுமினிய ஃபாயில் உதவாது, தொட்டாலே கசங்கும். ஹோட்டல் பார்சலில் குழம்பு வருகிற அலுமினிய டப்பா இருக்கிறதல்லவா, அதன் அடித்தட்டு சரியான கனம். கழுவி, சப்பாத்திக் கட்டையால் உருட்டித் தட்டையாக்கி, 9 மில்லிமீட்டர் அகலத்துக்கு வெட்டிக்கொள்ள வேண்டும். சீப்பின் மேல் வைத்து, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு இழுப்பு. ஒரு டப்பாவில் இருபது தகரம் வரும். மொத்தம் 140 தகரம் இழுத்தேன். சீப்பு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, வீட்டில் புதுசு வாங்கிவிட்டார்கள்.

அடுத்தது ஓட்டை விழுந்த தகரம். எலக்ட்ரானிக்ஸ் கடையில் சர்க்யூட் போர்டு அரிக்க விற்கிற ஃபெரிக் குளோரைடு, 110 ரூபாய். அது அலுமினியத்தையும் தின்னும். மொட்டைமாடியில், கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டு, கண்ணாடி டம்ளரில் 100 மில்லி தண்ணீருக்கு ஒரு ஸ்பூன் கரைத்தேன். முதல் தடவை பன்னிரண்டு தகரத்தை ஒன்றாகப் போட்டேன். பத்து விநாடி ஒன்றும் இல்லை. அப்புறம் சின்னச் சின்னக் குமிழி, உடனே குபுகுபு என்று பொங்கி, ஆவி கிளம்பி, டம்ளர் கை வைக்க முடியாத சூடு. குச்சியால் துழாவினால் கீழே கறுப்புச் சேறுதான் இருந்தது. பன்னிரண்டும் போச்சு. அதற்குப் பிறகு ஒரு தகரம், ஒரு தடவை. பிளாஸ்டிக் இடுக்கியால் பிடித்து, குமிழி வந்ததும் பதினைந்து எண்ணி, ஆப்பச்சோடா கரைத்த தண்ணீரில் முக்கி எடுக்க வேண்டும். ஓரம் அரித்து, நடுவில் ஊசி ஊசியாக ஓட்டை விழுந்து, கடலோரத்து வீட்டுக் கூரையில் பத்து வருடம் கிடந்த தகரம் மாதிரியே வரும். இதை வாஷ்பேசினில் செய்யாதீர்கள், மஞ்சள் கறை போகாது. அலுமினியப் பாத்திரத்தில் கரைக்கவே கூடாது. மிச்சத் திரவத்தில் பொங்குவது நிற்கிறவரை சோடா போட்டு, மண்ணாக உறைந்த பிறகு கட்டித் தூர எறிந்தேன். 140-ல் முப்பதுக்குத்தான் இந்த வைத்தியம் செய்தேன். எல்லாத் தகரமும் ஓட்டையாக இருந்தால் அதுவும் பொய்.

கார்தான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. அம்பாசடர் இல்லாமல் எப்படி? 2014-ல் உற்பத்தி நின்றாலும் ஆக்கர் கடைகளில் அதன் எலும்பு இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. நீளம் 4.3 மீட்டர் சொச்சம், எச்ஓ-வில் 50 மில்லிமீட்டர். அகலம் 19, உயரம் 18. எம்-சீலைப் பிசைந்து கட்டையாக்கி, இறுகிய பிறகு பிளேடாலும் அரத்தாலும் செதுக்கினேன். அந்த வட்டமான பானெட்டும் பின்பக்கத் தொங்கலும் வர மூன்று கட்டை வீணாயிற்று. அதை அச்சாக வைத்துப் பிளாஸ்டரில் ஒரு கார் வார்த்துப் பார்த்தேன். வெளியே பார்க்க அம்பாசடர்தான், ஆனால் கதவு ஓட்டையில் பார்த்தால் உள்ளே கெட்டி. துரு அடித்த குளியல் சோப்பு மாதிரி இருந்தது. கடையில் கிடக்கிற கார் வெறும் கூடு அல்லவா? எஞ்சின் போய், சீட் போய், கண்ணாடி போய், தகரம் மட்டும் நிற்கும்.

தகரத்தைத் தகரத்தாலேயே செய்தால் என்ன? அதே குழம்பு டப்பாவின் தாளை அச்சின் மேல் போர்த்தி, காது குடைகிற பட்ஸால் முதலில் மெதுவாக அழுத்தித் தடவினேன். அப்புறம் பல்குத்தும் குச்சியின் மழுங்கிய முனையால் கதவுக் கோடு, கைப்பிடி, கிரில். மூலைகளில் தாள் மடிந்து சுருக்கம் விழும். முதல் மூன்று கிழிந்தது. நாலாவதில் சுருக்கத்தைக் கிழிக்காமல் உள்பக்கம் மடித்துவிட்டு, அந்த இடத்தைப் பிறகு இடி வாங்கின மட்கார்டாக்கிக் கொண்டேன். ஜன்னலை பிளேடால் வெட்டி, அச்சிலிருந்து உரிக்கும்போது கூடு கொஞ்சம் கோணும். கோணட்டும். முழுசாக வந்த ஒன்றைக் கையில் வைத்து, கட்டைவிரலால் கூரையை ஓர் அமுக்கு அமுக்கினேன். ‘டக்’கென்று ஒரு சின்னச் சத்தம் வந்தது, நிஜக் கார் நசுங்குகிற மாதிரியே தூண் மடிந்து உள்ளே போயிற்று. அந்த மடிப்பைச் செதுக்கி வரவைக்க எந்தக் கொம்பனாலும் முடியாது. ஆறு கூடு செய்தேன். மூன்று ஒன்றின் மேல் ஒன்று.

சில்லறைச் சாமான்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 200 லிட்டர் டிரம்முக்கு உருண்டைப் பென்சில், 7 மில்லிமீட்டர் கனம், 10 மில்லிமீட்டர் நீளத்துக்கு அறுத்து, நடுவில் இரண்டு சுற்றுத் தையல் நூல். கார் டயருக்கு மூன்று ஒயர் உள்ள கேபிளின் வெளிச் சட்டையை உரித்து 2 மில்லிமீட்டர் வில்லைகளாக அறுத்தது. லாரி டயருக்கு மோட்டார் கடை ஓ-ரிங், 12 மில்லிமீட்டர். ஆக்சிஜன் சிலிண்டருக்குப் பேனா ரீஃபில் 16 மில்லிமீட்டர், தலையில் ஒரு சொட்டு ஃபெவிகால் வைத்துக் கறுப்பு அடித்தது. பக்கத்தில் நீல நிறத்தில் 19 கிலோ கேஸ் சிலிண்டர். பாரம் தூக்க மூன்று பைப் நட்டு செயின் பிளாக், செயினுக்குக் கவரிங் சங்கிலியின் அறுந்த துண்டு. கொசுவலையைப் பச்சையில் நனைத்து மீன்வலை மூட்டை.

நம்ம மாவட்டத்து ஆக்கர் கடை என்று அடையாளம் தெரிய இரண்டு சாமான் வேண்டும் என்று நினைத்தேன். ஒன்று வள்ளத்தில் இருந்து கழற்றின புரொப்பல்லர், பித்தளைத் தகட்டில் வெட்டி முறுக்கியது. (அண்ணாச்சி சொன்ன பிறகு அதைப் பூட்டு அறைக்குள் வைத்துவிட்டேன். யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.) இன்னொன்று ரப்பர் ஷீட் அடிக்கிற ரோலர். குலசேகரம், அருமனைப் பக்கம் தோட்டத்துக்குத் தோட்டம் கிடக்கும் வார்ப்பிரும்பு மெஷின், மழுக்கு ரோலர் ஒன்று, வரி ரோலர் ஒன்று. இரண்டு எம்2 ஸ்க்ரூவை 7 மில்லிமீட்டருக்கு அறுத்தேன். ஒன்றின் மரையை அரம் போட்டு மழுக்கினேன், மற்றதை அப்படியே விட்டேன். வரி ரோலர் தயார்! கைச்சக்கரத்துக்கு வாட்ச் ரிப்பேர்க் கடையில் 50 ரூபாய்க்கு ஒரு சிட்டிகைப் பல்சக்கரம் வாங்கினேன். தோட்டம் வைத்திருக்கிற மைத்துனர் பார்த்ததும் மற்ற எதையும் விட்டுவிட்டு, “இது எங்க வீட்டு ரோலர்லா!” என்றார்.

பெயின்ட். அலுமினியத்தில் எதுவும் பிடிக்காது. 1000 நம்பர் எமரித் தாளால் லேசாகத் தேய்த்து, மேலே ரெட் ஆக்சைடு ஸ்ப்ரே. இது காய ஒரு நாள். பிறகு தண்ணீர் தெளித்து, பொடித்த உப்பை அங்கங்கே தூவி, காய்ந்ததும் மேலே காரின் நிறத்தை அடித்து, அதுவும் காய்ந்த பிறகு ஈரப் பிரஷ்ஷால் தேய்த்தால் உப்பு இருந்த இடம் பெயர்ந்து, கீழிருந்து துரு எட்டிப் பார்க்கும். கல்லுப்பைப் பொடித்துப் போட்டேன், புத்தளம் உப்பளத்துச் சரக்கு. முதல் இரண்டு காரை நன்றாகக் கழுவாமல் விட்டதில் மழைக்காலத்தில் உப்பு கசிந்து வெள்ளை பூத்தது. ஓடுகிற தண்ணீரில் இரண்டு தரம் கழுவுங்கள்.

துருத் தூளுக்கு என்ன செய்தேன்? கோலத்துக்கு ஓரம் இழுக்கிற காவி. நாட்டு மருந்துக் கடையில் 20 ரூபாய்க்கு அரைக் கிலோ. ஸ்பீக்கர் காந்தத்தை வைத்துப் பார்த்தேன், ஒரு துகள்கூட ஏறவில்லை. அதோடு செங்கல் தூளும் கொஞ்சம் அடுப்புக்கரியும் கலந்தால் நாலைந்து வயதுத் துரு கிடைக்கும். எண்ணெய்க் கறை படிந்த கறுப்புத் தரைக்கு மணவாளக்குறிச்சிக் கடற்கரைக் கருமணல் ஒரு பிடி முன்னாடி எடுத்து வைத்திருந்தேன். நல்லவேளை, போடுவதற்கு முன் காந்தத்தைக் காட்டினேன். உடனே மீசை முளைத்தது. அந்த மண்ணில் இல்மனைட் என்கிற கனிமத்தைக் காந்தம் வைத்துத்தான் பிரிக்கிறார்கள் என்று சின்ன வயதிலிருந்தே கேட்டிருக்கிறேன். கேட்டு என்ன பிரயோசனம்? அப்படியே கவரைக் கட்டி வைத்துவிட்டேன்.

தரைக்கு வீட்டுப் பின்புறத்துச் செம்மண், டீ வடிகட்டியில் ஒரு தடவை, பழைய நைலான் புடவைத் துணியில் ஒரு தடவை சலித்தது. ஃபெவிகாலும் தண்ணீரும் சரிக்குச் சரி கலந்து சொட்டு சொட்டாக விட்டேன். மே மாதக் கடைசியில் முடித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஜூனில் சாரல் பிடித்தது. ஒரு வாரம் மாடி அறை ஜன்னலைத் திறக்கவில்லை. திறந்த அன்றைக்கு என் 25 சென்டிலும் பஞ்சு விதைத்த மாதிரி வெள்ளைப் பூஞ்சை. அம்பாசடருக்குள்ளேயும் போய் உட்கார்ந்திருந்தது. இரண்டு மழையும் கிடைக்கிற மாவட்டத்தில் இருந்துகொண்டு பச்சை மண்ணைப் பசை போட்டு ஒட்டினால் வேறென்ன வரும்? சுரண்டி எடுத்துவிட்டு, இந்தத் தடவை மண்ணைத் தோசைக்கல்லில் போட்டு (பழைய கல், சண்டை வேண்டாம்) புகை வருகிறவரை வறுத்தேன். பசைக் கலவை 200 மில்லிக்கு டெட்டால் பத்துச் சொட்டு, பாத்திரம் கழுவுகிற சோப்பு இரண்டு சொட்டு. சோப்பு விட்டால் பசை மண்ணில் குழி விழாமல் இறங்கும். ஜூலை முழுக்கச் சாரல் அடித்தும் ஒன்றும் வரவில்லை. அறையில் மட்டும் ஆஸ்பத்திரி வாசனை.

ஆட்கள் வெளிநாட்டு அளவு பொம்மை, நூறு எண்ணம் 480 ரூபாய். எல்லாரும் கோட் போட்டிருக்கிறார்கள். ஆறு பேருக்குக் கோட்டைச் செதுக்கி எடுத்து, டிஷ்யூ பேப்பரைப் பசையில் நனைத்துச் சாரம் (லுங்கி) கட்டிவிட்டேன். ஒருவருக்கு மட்டும் மடித்துக் கட்டியிருக்கிறது. அவர்தான் முதலாளி.

செலவு: ஸ்ப்ரே 240, அக்ரிலிக் டப்பாக்கள் 360, ஃபெரிக் குளோரைடு 110, ஃபெவிகாலும் எம்-சீலும் 190, பொம்மை 480, ஓ-ரிங் 120, வாட்ச் சக்கரம் 50, தெர்மாகோல் 60, காவி 20, வீணாய்ப்போன கார் பாக்கெட் 350. கூட்டினால் 1,980 ரூபாய். அந்தக் கார்களில் இரண்டைப் பின் சுவருக்கு வெளியே தூரத்தில் நிறுத்தினேன். தூரத்தில் இருப்பதால் சின்னதாகத் தெரிகிறது என்று கண் எடுத்துக்கொள்கிறது, அதனால் முழு நஷ்டம் இல்லை. குழம்பு டப்பாவின் கணக்கைச் சேர்க்கவில்லை, குழம்பை நாங்கள் சாப்பிட்டோம்.

மறுபடி செய்தால், முதலில் 12 மில்லிமீட்டர் பிளைவுட்டில் கடையைத் தனித் தட்டாகச் செய்து, கழற்றி மேசைக்குக் கொண்டுவருகிற மாதிரி வைப்பேன். ஓடுகிற பாதைக்கு 6 சென்டிமீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து தூள் தூவினதுதான் எல்லாத் தொல்லைக்கும் மூலம். இப்போது எந்தத் தூள் வீட்டுக்குள் வந்தாலும் அந்த ஸ்பீக்கர் காந்தம்தான் வாசலில் நிற்கிறது. காஸ் கட்டிங் செய்கிறவன் கையில் ஒரு நீல எல்இடி மினுக்க வேண்டும் என்று ஆசை, ஒயர் இழுக்க ஓட்டை போட மறந்துபோனேன்.

திங்கட்கிழமை புதுப் போட்டோவை அண்ணாச்சிக்குக் காட்டினேன். விரித்து விரித்துப் பார்த்தார். வாசலில் கனத்த இரும்பு, கம்பிரசர் வரிசை, கூரைக்குக் கீழே டயர், பூட்டு. தலையை ஆட்டிக்கொண்டே வந்தவர் 7 மில்லிமீட்டர்த் தராசில் வந்து நின்றார்.

“தராசு முகத்த ஏன் உள்ள பாத்து வச்சிருக்கு? போடுக ஆளுக்கு எட தெரியண்டாமா? இப்பிடி வச்சா எவனும் வரமாட்டான் மக்கா.”

வீட்டுக்கு வந்து பிளேடால் நெம்பித் தராசை வாசல் பக்கம் திருப்பினேன். பெயர்த்த இடத்தில் பசை பளபளவென்று தெரிந்தது. அதன் மேல் ஒரு சாக்கு மூட்டை வைத்திருக்கிறேன்.